அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட்

குழந்தை பிறந்து நாற்பது நாளாகியும் என் மனைவி அதைத் தூக்கவில்லை, அழுதுகொண்டே இருந்தாள். நீலசந்திராவில் எங்கள் தெரு டாக்டர் மனநல மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவளை அழைத்துப் போன பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லக் கூசி, அதற்கு அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கினேன்.

கண்டக்டர் நரைத்த மீசைக்காரர். விசிலை உதட்டோரம் வைத்துக்கொண்டே பேசுவார். என் தோளிலிருந்த குழந்தையையும் சட்டைப்பையிலிருந்த சீட்டையும் பார்த்தார். மருத்துவமனை வாசலில் விசில் அடித்தார்.

“இங்கயே எறங்குங்க சார். கைக்கொழந்தைய வச்சிக்கினு எதுக்குத் திரும்பி நடக்கணும்?” பிறகு குனிந்து, “நானும் என் வீட்டம்மாவ இட்டுக்கினு வந்தப்ப அடுத்த ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இப்போ வீட்டுல எனக்கே அவதான் விசில் அடிக்கிறா,” என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது வேறு கண்டக்டர். அந்த மீசையை இன்னும் தேடுகிறேன். அன்று நான் வாய் திறப்பதற்குள், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே டிக்கெட் கேட்டாள்.