மண்ணீரல் மேல் விழுந்த பழி

இலங்கையில் றக்வானைக்கு மேலே, மழை ஓயாத தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள் இருளாயி. புருஷன் சடையன் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன். காய்ச்சல் விட்டு விட்டு வரும் உடம்பு அவனுக்கு.

அன்றும் நடுங்கிக்கொண்டேதான் வேலைக்குப் போனான். நடுவில் முடியாமல் கான் ஓரத்தில் சுருண்டு படுத்துவிட்டான். அந்த வழியாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை சப்பாத்துக் காலால் அவன் வயிற்றில் உதைத்தார். எழுந்திருக்கப் பார்த்த சடையன் அப்படியே சாய்ந்தான். பொழுது இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. மேல் நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற இருளாயி அதைப் பார்த்தாள். பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற அவள் தம்பி பழனியாண்டியும் பார்த்தான்.

கோர்ட்டில் இருளாயி கண்டதைக் கண்டபடி சொன்னாள். பழனியாண்டி நிமிராமலே, "மச்சான் வழுக்கி விழுந்துட்டாருங்க" என்றான். டாக்டர் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் சின்னத்துரை தொப்பியை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே போனார்.

"என்னங்க ஆச்சு?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாள்.

"காய்ச்சல்ல ஒன் புருசனுக்கு மண்ணீரல் வீங்கியிருந்து வெடிச்சிருச்சாம். நல்ல ஒடம்புக்காரன்னா செத்திருக்க மாட்டானாம். தொரை மேல குத்தமில்ல."

"அப்ப ஒதைச்சதுங்க?"

அவர் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

கோர்ட்டிலிருந்து பெல்மதுளை தாண்டித் தோட்டத்துக்கு நடந்து வரும்போது பின்னாலிருந்து பழனியாண்டியின் குரல் கேட்டது. "தோட்டத்த விட்டு வெரட்டிருவேன்னு பெரிய கங்காணி சொன்னாருக்கா. தாயில்லாப் புள்ளைகள வச்சிக்கிட்டு நா எங்க போவேன்?"

இருளாயி திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே லயத்து வீட்டு வரிசையில், அடுத்தடுத்த காம்பிராவில்தான் இருவரும் இருந்தார்கள். அவன் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பாள். அவனோடு பேச மாட்டாள். சின்னத்துரை பெரிய துரையாகி வேறு தோட்டத்துக்குப் போன நாளில் தப்படித்து மாலை போட்டார்கள். லயமே கூடி நின்றது. இருளாயி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

சில வருஷம் கழித்து ஊரையே வாரிக்கொண்டு போன காய்ச்சலில் பழனியாண்டியும் விழுந்தான். இருளாயி கஞ்சியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நா பாத்தேன்க்கா. அவரு ஒதைச்சத பாத்தேன்."

"தெரியும்டா. கஞ்சியக் குடி."

ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லை.

அவன் போன பிறகு பிள்ளைகளை அவள்தான் ஆளாக்கினாள். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டால், "பயந்த மனுசன், ஒங்க மேல உசுரு" என்பாள். கோர்ட்டில் அவன் சொன்னதை அவர்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.