டிரம்ஸ் பிரமாதம்!

போன ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் போய் ஒரு சாம்ப்ளர் வாங்கி வந்தேன். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் கீறல் இல்லை. குமிழ்கள் எல்லாம் ஒழுங்காகத் திரும்புகின்றன. சார்ஜர்கூட ஒரிஜினல்.

வாங்கி வந்ததிலிருந்து எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாம்ப்ளர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக... நாய் குரைப்பது, கதவு கிறீச்சிடுவது, யாரோ தும்முவது — எந்தச் சத்தத்தையும் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும் பெட்டி. மேலே வரிசையாகப் பட்டன்கள். தட்டினால் அந்தச் சத்தம் திரும்ப வரும். அதை வைத்துத் தாளம் கட்டலாம், பாட்டுப் பண்ணலாம். பண்ணலாம் என்றுதான் சொன்னேன். பண்ணுகிறோம் என்று நான் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்த கதை. பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் கிடந்த கட்டிலை அப்புறப்படுத்திவிட்டு, 'ஸ்டூடியோ' என்று பெயர் வைத்தேன். இன்று அங்கே, கரண்டில் விதவிதமான ஒலிகளை உண்டாக்கும் சிந்தசைசர்கள் நாலு இருக்கின்றன. ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒயர்கள் ஒரு சாக்கு தேறும். இதுவரை முடித்த பாட்டு எத்தனை? நீங்கள் கேட்காதீர்கள். அதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது.

எங்களுக்கு ஒரு போன் குரூப் உண்டு. திருநெல்வேலி சுற்றுவட்டாரத்தில் வீட்டிலேயே எலெக்ட்ரானிக் மியூசிக் பண்ணுகிற, அல்லது பண்ணப்போவதாகச் சொல்லிக்கொள்கிற ஆட்கள். ஒரு பல் டாக்டர், மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காஜா, ஒரு கணக்கு வாத்தியார், நான், இன்னும் கொஞ்சம் பேர்.

குரூப்பில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. புது மெஷின் வாங்கினால் பெட்டியை வீட்டில் பிரிக்கக் கூடாது. சீல் உடையாமல் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டு வர வேண்டும். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். வாங்கியவர் டேப்பை அறுப்பார். மெஷினின் திரையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை, குரூப்பில் மூத்தவர் என்ற முறையில் நான் உரிப்பேன். காதுகுத்து வீட்டில் தாய்மாமனுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கு! உரித்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு வடை, டீ. பிறகு போட்டோ. குரூப்பில் வாழ்த்து வந்து குவியும்.

மெஷினை யாராவது வாசித்துப் பார்ப்பார்களா? அட, நீங்கள் வேறு... அந்த மாடியில் பிளக் பாயிண்டே கிடையாது.

இந்தக் குரூப்பில்தான் இசக்கிமுத்துவும் இருந்தான். முக்கூடல்காரன். மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. முப்பது வயதாகப் போகிறது. அவனிடம் இருந்தது ஒரு சாம்ப்ளர், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். சாம்ப்ளரும் யாரோ பயன்படுத்தி விற்றது. அதனால் அவனுக்கு மொட்டைமாடி மரியாதை நடந்ததே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, அவன் குரூப்பில் ஒரு பாட்டைப் போட்டான். பாட்டு! எங்கள் குரூப்பில் கடைசியாக யார் பாட்டுப் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. கூடவே இப்படி எழுதியிருந்தான்:

"அண்ணாச்சிமாரே, மஸ்கட்ல ஏசி மெக்கானிக் வேலைக்கு எங்க அக்கா வீட்டுக்காரர் ஏற்பாடு பண்ணிட்டாரு. வாறேனா இல்லையான்னு வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள சொல்லணும். இந்தப் பாட்டக் கேட்டுட்டு, எங்கிட்ட என்னமும் இருக்கா இல்லையான்னு உள்ளதச் சொல்லுங்க. இருக்குன்னா இங்கனயே இருந்து பாத்துருதேன். இல்லைன்னா போயிருதேன்."

ஒருத்தன் தன் பிழைப்பையே தூக்கி எங்கள் முன்னால் வைத்துக் கேட்கிறான். நாலு நிமிஷப் பாட்டு. காது கொடுத்தால் போதும்.

ஆனால், வெறும் பாட்டைப் போட்டால் எங்கள் ஆட்கள் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் பாட்டுக்கு மேலே தன் மேசையை ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தான். அங்கேதான் வந்தது வினை.

போட்டோவில் சாம்ப்ளர் இருந்தது. ஹெட்போன் இருந்தது. பின்னால், சுவரோரமாக, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதன் நடுவில் முள் அசையும் மீட்டர் ஒன்று. பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

"ஏலே இசக்கி, பின்னால இருக்கது என்னதுலே?" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"முள்ளு மீட்டர் இருக்குல்லா, அது பழைய கம்ப்ரஸர் வே," என்றார் காஜா. சத்தம் கூடாமல் குறையாமல் ஒரே சீராக அமுக்கித் தருகிற கருவி அது. பழையது என்றால் எங்கள் ஆட்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

"ஜெர்மன் சரக்கு மாரில்லா இருக்கு. எந்த ஏலத்துல எடுத்தான்?" இது கணக்கு வாத்தியார்.

"பய அமுக்கமா வச்சிருக்கான் பாரும்!"

நான் சும்மா இருந்தேனா? போட்டோவைப் பெரிதாக்கி, அந்தப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன். "தம்பி, இத விக்கித எண்ணம் இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லணும்" என்று வேறு எழுதினேன்.

இரண்டு நாள் இந்த ஆராய்ச்சி ஓடியது. எந்த வருஷத்து மாடல், உள்ளே பழைய ரேடியோ மாதிரி வால்வு இருக்குமா என்று ஒரே அமளி. புதன்கிழமை இசக்கி பதில் போட்டான்.

"அண்ணாச்சி, அது பிரிட்ஜ் ஸ்டெபிலைசர்."

சிரிப்புப் பொம்மைகள் பறந்தன. அந்தக் கேலியில் இன்னொரு நாள் போனது. வியாழக்கிழமை காலையில் அவன் கேட்டான்: "பாட்டு யாராவது கேட்டியளா?" சரியாக அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியார் தனக்கு வந்த புதுக் கீபோர்டுப் பெட்டியின் படத்தைப் போட்டார். போச்சு! எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நானும்தான். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை அவனிடமிருந்து நாலு போட்டோ வந்தன. 'சாம்ப்ளர் விற்பனைக்கு.'

மூன்று வாரமாகப் பாட்டைக் கேட்க நேரம் கிடைக்காதவனுக்கு, போட்டோ வந்த மறு நிமிஷம் போன் பண்ண நேரம் கிடைத்தது. டாக்டரையும் காஜாவையும் முந்திவிட்டேன். அதில் ஒரு பெருமிதம் வேறு. சவத்தெளவு, இது ஒரு பெருமையா!

முக்கூடலில் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி, இருங்க" என்று எழுந்து காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கத்திரியைக் கையில் எடுத்தார். சுவரோரமாக ஸ்டெபிலைசர் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

"எப்பலே பயணம்?"

"இன்னும் பத்து நாள் இருக்கு அண்ணாச்சி."

"நல்ல வேலைதான, போயிட்டு வா. மெஷினு என்ன, பைய வாங்கிக்கிடலாம்."

தலையை ஆட்டினான். ஒரு பழைய பனியன் துணியால் சாம்ப்ளரின் ஒவ்வொரு பட்டனாகத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டக் கேட்டியளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கோ தம்பி, கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை. எனக்கு வந்த வார்த்தை வேறு.

"கேக்காம இருப்பனாலே? டிரம்ஸ் பிரமாதம்! அடி ஒவ்வொண்ணும் சும்மா ஜம்முன்னு விழுது."

அவன் கை நின்றது.

"டிரம்ஸே வைக்கலியே அண்ணாச்சி," என்றான். கோபம் இல்லை, குத்தல் இல்லை, குரல்கூட உயரவில்லை. "அம்மா எலை வெட்டுத சத்தத்தப் பிடிச்சு, அதத்தான் தாளமா வச்சேன். வேற ஒண்ணும் கெடையாது."

அம்மாவுக்கு அவன் சொன்னது காதில் விழவில்லை. நான் சொன்ன 'பிரமாதம்' மட்டும் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாலே? அண்ணாச்சி நல்லாருக்குன்னு சொல்லுதாவ. நீ என்னமோ ஒருத்தரும் கேக்கலன்னு ரெண்டு நாளு சோறு திங்காம கெடந்தியே!"

நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

"ஆமாம்மா," என்றான் இசக்கி. "அண்ணாச்சி கேட்டுருக்காவ."

என் பாதி வயதுக்காரன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நிமிஷமாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்தேன். மீதிக் காப்பியைக் குடிக்க. பணத்தைக் கொடுத்துவிட்டு, மெஷினை ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்தப் பையன் பாட்டு எப்படி இருக்குன்னு கேட்டான்னிய, என்ன சொன்னிய?"

நேரே மாடிக்குப் போனேன். போனைத் திறந்து மூன்று வாரம் பின்னால் தள்ளினேன். பாட்டின் மேல் அந்தக் கீழ்நோக்கிய அம்புக்குறி அப்படியே இருந்தது. டவுன்லோடுகூடப் பண்ணவில்லை நான். ஸ்பீக்கரில் போட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிஷம் சுமார்தான். அதற்குப் பிறகு அந்தக் கத்திரி வருகிறது. மூன்று வெட்டு, சின்ன இடைவெளி. மூன்று வெட்டு, இடைவெளி. இலையைத் திருப்புகிற நேரம் அது. அந்த இடைவெளியில் மட்டும் மெல்லிசாக ஒரு ராகம் எட்டிப் பார்க்கிறது. போகப் போக இடைவெளி நீள்கிறது. அம்மாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கம்ப்யூட்டரில் அதைச் சமமாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். இசக்கி ஒட்டவில்லை. அவர் அடுத்த இலையை எடுக்கும்வரை மொத்தப் பாட்டும் காத்திருக்கிறது.

இத்தனை வருஷத்தில், இத்தனை பெட்டிகளை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு நொடியை நான் செய்ததில்லை. செய்யப்போவதும் இல்லை.

உடனே போன் போட்டேன். "இசக்கி, நான் பொய் சொன்னேன்லே. இப்பத்தான் கேட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"நல்லாருக்குலே. நெசமாவே நல்லாருக்கு. நீ போகத்தான் வேணுமா?"

"வாறேன்னு சொல்லியாச்சு அண்ணாச்சி. அந்த வெள்ளிக்கெழம மத்தியானம் வரைக்கும் போனையே பாத்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம்தான் சொன்னேன்."

"அப்ப மெஷினயாவது நீயே வச்சுக்கோ. கொண்டாந்து தாறேன்."

"ஒரு ரூமுக்கு எட்டுப் பேராம். எங்கன வைக்க?" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

நம்மில் எத்தனை பேர் இப்படி! கேமரா வாங்கியவரிடம் லென்ஸ் விலையைக் கேட்கிறோம், எடுத்த படத்தைக் கேட்பதில்லை. புதுக் கிரைண்டரைச் சுற்றி வந்து தடவிப் பார்க்கிறோம், மாவாட்டியவள் சாப்பிட்டாளா என்று கேட்பதில்லை. வாங்கியதைப் பார்க்கக் கண் போதும். ஒருத்தர் செய்ததைக் கேட்க நம்மிடம் இருப்பதிலிருந்து நாலு நிமிஷத்தைக் கொடுக்க வேண்டும். அங்கேதான் நமக்குக் கை வராது.

அன்று சாயங்காலம் குரூப்பில் நீளமாக எழுதினேன். இசக்கி பாட்டைக் கேளுங்கள் வே, நாமெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்று. ஒரு மணி நேரம் ஆனது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

பிறகு சாம்ப்ளரை மேசையில் வைத்துப் போட்டோ எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்தாவது பாட்டைக் கேட்க மாட்டார்களா என்ற நப்பாசைதான் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் உண்மை. வாங்கியதைக் காட்டாமல் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"கலக்கிட்டீரு வே!" என்றார் டாக்டர். "லக்கி ஆளு," என்றார் காஜா. வாழ்த்துகள் வரிசை கட்டின.

அவர்களுக்கெல்லாம் முன்னால், முதல் ஆளாக வந்து விழுந்தது இசக்கிமுத்துவின் வாழ்த்து:

"சூப்பர் அண்ணாச்சி. பாட்டுப் பண்ணிப் போடுங்க. நான் கேக்கேன்."