சால்வை போர்த்திய கொடும்பாவி

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் எதிர்க்கட்சிக்காரர் இருந்தார். ஆட்சியில் இருப்பவர்களை ஒரு சீண்டு சீண்டாமல் அவருக்குக் காலைத் தேநீர் தொண்டையில் இறங்காது. வங்காளிகள் பெரியப்பாவை ஜேட்டு என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் மனைவி ஜேட்டிமா. கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரே மகனும் அவர்களோடு இருந்தார்.

ஜேட்டு பெரிய பதவி எதிலும் இருந்ததில்லை. தேர்தலில் நின்று ஒழுங்காகத் தோற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் புதுக் குடிநீர்க் குழாயைத் திறந்துவைக்க ஒரு பிரமுகர் வந்தபோது, ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே ஜேட்டு குனிந்து புகுந்து ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, இரும்பு ருசி நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். ஒரு மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் நடுத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போட்டார். அதைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டி, ஊருக்கு இலவசமாக ஏரி கொடுத்த நிர்வாகத்துக்கு நன்றி சொன்னார். அவருக்குக் குடை பிடித்தது நான்.

அன்று எனக்கு வீட்டில் நல்ல பூசை. அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஜேட்டுவின் வீடியோக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துச் சிரிப்பார், ஆனால் அவற்றில் நம் முகம் வந்துவிடக் கூடாது என்பார். அம்மா சிரிக்கவே மாட்டாள்.

அடுத்த குளிர்காலத்தில், தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம், பால் வாங்க வெளியே போன ஜேட்டிமா வாசல் கேட்டருகே நின்றுவிட்டார். கேட்டில் சாய்த்து ஒரு வைக்கோல் உருவம் உட்காரவைக்கப்பட்டிருந்தது. ஊர்வலங்களில் எரிப்பார்களே, அந்தக் கொடும்பாவிதான். வெள்ளை ஜிப்பா, தலையில் குரங்குக் குல்லா, தோளில் பழுப்புச் சால்வை. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் ஜேட்டுவேதான். முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் சாக்குத்துணி.

ஜேட்டுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் நம்மையும் மதித்துவிட்டார்கள் என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வராந்தா நாற்காலியில் உட்காரவைத்தார். ஜேட்டிமா அந்தச் சால்வையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இது உங்க சால்வை. நேத்து மொட்டை மாடியில நான் காயப்போட்டது.”

மொட்டை மாடிக்குப் போக உள்படிக்கட்டு ஒன்றுதான். அது எங்கள் வாசற்கதவை ஒட்டிப் போகும். அம்மா அன்றே உள்தாழ்ப்பாளுக்கு மேல் இன்னொரு தாழ்ப்பாள் போடவைத்தாள்.

ஜேட்டு அந்த உருவத்தைப் பேட்டி எடுத்து நேரலை போட்டார். ஆட்சியைப் பற்றித் தங்கள் கருத்து என்ன என்று கேட்டுவிட்டு மைக்கை அதன் சாக்குமுகத்துக்கு நேரே நெடுநேரம் நீட்டியிருந்தார். பிறகு எங்களைப் பார்த்து, “இவருதான் அவங்களுக்குப் பிடிச்ச எதிர்க்கட்சிக்காரர்” என்றார். தெருவே சிரித்தது.

இரண்டொரு நாள் கழித்து, பள்ளிக்குப் போகும்போது பார்த்தேன். உருவத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தது. ஜேட்டுவுடையதைப் போலவே கறுப்புச் சட்டம். அவர் வேலைதான் என்று நினைத்துக் கேட்டேன். தாம் போடவில்லை என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு காலை, வராந்தாவில் கழற்றிவிட்டிருந்த அவருடைய செருப்பு அதன் கால்களில் மாட்டியிருந்தது. கொண்டுபோய்க் கங்கையில் போடச் சொல்லி ஜேட்டிமா அழுதார். போட்டால் பயந்துவிட்டான் என்பார்கள் என்று ஜேட்டு மறுத்துவிட்டார். சாயங்கால நேரலையில் முன்னைவிடக் காரமாகப் பேசினார்.

அந்த வாரம் அவர் மகன் கல்லூரியிலிருந்து வீடு திரும்பவில்லை.

என்னிடம் யாரும் அதிகம் சொல்லவில்லை. கீழே ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், பேச்சுக்குரல் மட்டும் கேட்காது. ஜேட்டு கைப்பேசியைக் காதில் வைத்தபடி கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார். அம்மா என் கையைப் பிடித்து, “கீழ எறங்கக் கூடாது, கேட்டியாட்டி” என்றாள். பிறகு ஒரு நாள் மகன் திரும்பி வந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடி, காயம் எதுவும் இல்லை. சட்டையை மட்டும் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டிருந்தார். அதைச் சரிசெய்ய ஜேட்டிமா கையை நீட்டியபோது பின்னால் நகர்ந்துகொண்டார். எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் வந்துவிட்டார், இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது தெரு வெறிச்சென்று இருந்தது. வராந்தா நாற்காலியில் உருவம் உட்கார்ந்திருந்தது. அதே சால்வை, குல்லா, கண்ணாடி, செருப்பு. குல்லாவை நன்றாக இழுத்துவிட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. அதன் கையை அமுக்கிப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பக்கத்தில் போய், நாற்காலிக் கையில் கிடந்த அந்தக் கையை விரலால் அழுத்தினேன்.

சூடாக இருந்தது.

குல்லாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என் பக்கம் திரும்பின. உதடு அசையாமலே ஜேட்டு பேசினார். “மேல போயிடும்மா. இங்க நிக்காதே. பாத்துக்கிட்டிருக்காங்க.”

யார் என்று திரும்பினேன். கேட்டுக்கு வெளியே மோட்டார்சைக்கிளில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை எங்கள் பக்கம் பிடித்திருந்தார். பார்க்க நல்லவராகத்தான் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, “என்ன சிட்டு, ஸ்கூல் விட்டாச்சா?” என்று வங்காள மொழியில் கேட்டார். ஆமாம் என்று நானும் சிரித்துத் தலையை ஆட்டினேன். ஜேட்டு திரும்பவே இல்லை.

அதன்பின் ஜேட்டு நேரலை போடவில்லை. தினமும் அதே நாற்காலியில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி, பேசாமல் உட்கார்ந்திருந்தார். வைக்கோல் உருவம் என்ன ஆயிற்று என்று தெரியாது. தேர்தலில் அவர் நிற்கவில்லை. அப்பா மாற்றலுக்கு எழுதிக்கொடுத்தார்.

அந்த மோட்டார்சைக்கிள்காரரைப் பார்த்த அன்று நான் மாடிக்கு ஓடி, தெருவில் புதிதாக ஒருவர் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். பள்ளியிலும் தெருவிலும் எனக்கு வேறு பெயர். சிட்டு என்பது வீட்டுக்குள், தலை பின்னும்போது மட்டும், அம்மா கூப்பிடுவது. அவள் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னை ஒருபோதும் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், அதனால்தான் கோபம் என்று நினைத்து, அது தீரட்டும் என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு, தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டேன்.