யார் முதலில் ஓம் சொல்வது

இதை எழுத எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. ஓ.எல். வரைக்கும் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வைத்திருந்தால் புகைந்துகொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இணுவிலில் அம்மாவின் காணி மூன்றாகப் பிரிந்தது. றோட்டோரத்தில், உள்ளே போகும் ஒழுங்கைப் பாதையின் ஒரு பக்கம் அண்ணைக்கு, மற்றப் பக்கம் அக்காவுக்குச் சீதனம். பின்துண்டு எனக்கு. என் வீட்டுக்குப் போக அந்த ஒழுங்கையை விட்டால் வேறு வழி இல்லை. காணி உறுதியில் அது பத்து அடி அகலம். ஆனால் வேலி அடைக்கும் காலத்தில், பட்டுப்போன கதியாலை, வேலிக்கு நடும் உயிர்க்கம்பை, பிடுங்கிய அதே குழியில் புதுக் கதியாலை நடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. ஒரு சாண் தள்ளி, ஒழுங்கைக்குள்தான் நடுவார்கள். அண்ணையும் நட்டார். அக்காவின் கணவர், எங்கள் அத்தானும் நட்டார். நட்டதெல்லாம் முள்ளுக் கிளுவை, துளிர்த்துத் தடித்துவிட்டது. பத்தடி ஒழுங்கை ஐந்தடி ஆனது.

சைக்கிளில் போய்வந்த காலத்தில் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகுதான் ஐந்தடி என்றால் என்னவென்று தெரிந்தது. ஆட்டோ உள்ளே வராது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நானும் மகளும் றோட்டுவரை தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒருமுறை மழைச் சேற்றில் மகளுக்குக் கால் வழுக்கி, அவர் கதிரையோடு வேலிக்குள் சரிந்தார். கன்னத்தில் முள் கிழித்த இடத்துக்கு இரண்டு தையல்.

அதற்கு முதலே அண்ணை வழக்குப் போட்டிருந்தார், ஒழுங்கையைப் பிடித்தது அத்தான் என்று. அத்தான் மறுமொழி கொடுத்தார், பிடித்தது அண்ணைதான் என்று. வழியில் உரிமை உள்ளவள் என்று என்னை இரண்டாம் எதிராளியாகச் சேர்த்துவிட்டார்கள். ஆறு வருடம் போனது. அண்ணைக்கும் அத்தானுக்கும் கதை பேச்சில்லை.

கடைசியில் இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளுமே களைத்துப்போய் இணக்கத் தீர்ப்புக்கு ஒழுங்கு செய்தார்கள். நாங்களே ஒத்துக்கொண்டு நிபந்தனைகளை எழுதிக் கொடுக்க, நீதிபதி அதையே தீர்ப்பாகப் பதிவார். நிபந்தனை ஒன்றும் பெரிதில்லை. ஆளுக்கு இரண்டரை அடி வேலியைப் பின்னுக்கு எடுப்பது, இரண்டு கிழமைக்குள். நில அளவையாளர் வந்து கோடு போட்டார். அண்ணையும் அத்தானும் தங்கள் தங்கள் சட்டத்தரணியிடம் தலையாட்டிவிட்டார்கள். இனி ஆட்டோ வாசலுக்கு வரும் என்று நான் என் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டேன்.

நீதிபதி ஒரு பெண். நிபந்தனைகளை வாசித்துக் காட்டச் செய்து, இதில் பிடிக்காதது ஏதும் உண்டா என்று கேட்டார். அண்ணை இல்லை என்றார். அத்தானும் இல்லை என்றார். அப்படியானால் சம்மதமா என்று கேட்டார். அண்ணை அத்தானைப் பார்த்தார். அத்தான் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.

"அவர் முதல் சொல்லட்டும்," என்றார் அண்ணை.

"வழக்குப் போட்டவர் அவர்தானே. அவர் சொல்லட்டும்," என்றார் அத்தான்.

சட்டத்தரணிகள் இருவரும் குனிந்து கடதாசி புரட்டினார்கள். மதியத்துக்குப் பிறகு மறுபடி கூப்பிடுவதாகவும், அப்போதும் சம்மதம் இல்லை என்றால் விசாரணைக்குத் திகதி போடுவதாகவும் நீதிபதி சொன்னார். விசாரணை என்றால் இன்னும் எத்தனை வருடமோ என்று அத்தானின் சட்டத்தரணி என் காதுக்குள் சொன்னார்.

வெளியில் அண்ணை ஒரு வாங்கில், அத்தானும் அக்காவும் இன்னொரு வாங்கில் இருந்தார்கள். நடுவில் நடந்தது நான். அக்கா அண்ணைக்கென்று சீனி போடாத பிளேன்ரீ வாங்கி என் கையில் தந்துவிட்டா. அண்ணைக்குச் சலரோகம். அண்ணை அதை வாங்கிக் குடித்துக்கொண்டே அத்தானைக் காட்டிச் சொன்னார்:

"கொத்தான் சால்வையெல்லாம் போட்டு வடிவாத்தான் வந்திருக்கிறார். ஓம் எண்டு சொல்ல மட்டும் தொண்டை அடைக்குதாமோ? நான் முதல் சொன்னால், நான்தான் பிடிச்சனான் எண்டல்லோ ஊர் கதைக்கும்."

அதை அத்தானிடம் கொண்டுபோனேன்.

"ஆறு வருசம் என்னைக் கோட்டுக்கு இழுத்தவர் கொண்ணை. இப்ப நான் முதல் தலையாட்டவோ? எனக்கென்ன விசரே, பிள்ளை?"

வேலியை எடுக்க இருவரும் தயார். ஒரு சொல்லை எடுக்கத்தான் ஆளில்லை. அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு, இரண்டும் ஒரே அச்சு என்று முணுமுணுத்தா. மூன்று தரம் அங்கும் இங்கும் நடந்தேன். நாலாம் தரம் நடக்க எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மதியத்துக்குப் பிறகு மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே மௌனம். நீதிபதி பேனையை எடுத்தார். நான் எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"எனக்குச் சம்மதம், அம்மா."

"நீங்கள் யார்?"

"ரெண்டாம் எதிராளி. ஒழுங்கைக்குப் பின்னாலை இருக்கிறனான். என்ரை மனுசனுக்கு நடக்க ஏலாது. ஆட்டோ வரவேணும்."

நீதிபதி, இரண்டாம் எதிராளி முதலில் சம்மதம் தெரிவித்தார் என்று பதியச் சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கேட்டார். அண்ணையும் அத்தானும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் ஓம் என்றார்கள். ஆறு வருடம் இதற்குத்தான். முதல் கையெழுத்தையும் என்னிடமே வாங்கினார்கள். அதற்கும் இருவரும் மாறிமாறிப் பேனையைத் தள்ளினார்கள் என்பதால்.

படியிறங்கும்போது அண்ணை என்னருகில் வந்து, "கவனிச்சனியே, கொத்தான் எனக்கு முதல் சொல்லிப்போட்டார்," என்றார். பஸ்ஸில் அத்தான் முன் சீற்றிலிருந்து திரும்பி, கொண்ணை அல்லோ முந்திவிட்டார் என்றார்.

மறுநாள் கிளினிக். காலையில் அண்ணை தன் வேலியில் றோட்டுப் பக்கமாக நாலு கதியால் பிடுங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். அத்தான் எண்ணிப் பார்த்து, தானும் நாலு பிடுங்கினார். ஆட்டோ அந்த இடம்வரைக்கும் வந்தது. மிச்சத் தூரம் அவரைக் கதிரையில் தூக்கினோம்.