தெரியாத தழும்பு

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது எனக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். என் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தபோது ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. ஊரே விரல் நீட்டிக் காட்டியது.

கோயமுத்தூர் டாக்டர் ஆபரேஷன் என்றார். எடுத்துப் பரிசோதித்தால்தான் கட்டி நல்லதா கெட்டதா என்று தெரியும், பேச்சு நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதில் பட்டால் குரல் போகலாம் என்றும் சொன்னார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "ஏனுங்க டாக்டர், தழும்பு தெரியுமுங்களா? மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கறோம்."

"இப்பெல்லாம் கேமரா வச்சு சின்னக் கீறல்லயே எடுத்துரலாங்கம்மா. கழுத்து மடிப்போட மறைஞ்சுரும்."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டியே கரைந்துவிட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் சொன்னபடியே செய்தார். சில மாதத்தில் கீறல் எங்கே என்று நானே கண்ணாடியில் தேட வேண்டியிருந்தது. எங்கள் வீதிக்கு அது வேறு விதமாகப் பட்டது. கழுத்தில் ஆபரேஷனாம், கழுத்தில் ஒரு கீறலையும் காணோமாம். கட்டி மாத்திரையிலேயே கரைந்திருக்குமாம். அப்படியானால் கல்யாணமாகாத பெண் எதற்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்? இதைத் தாழ்ந்த குரலில், மிகுந்த மரியாதையோடுதான் கேட்டார்கள். எங்கள் பக்கம் அவதூறுக்குக்கூட 'ங்க' போடுவோம்.

பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கும் அது போயிருந்தது. தழும்பு தெரியக்கூடாது என்று முருகனுக்கு வேண்டிக்கொண்ட அதே அம்மா, டியூப் லைட்டுக்கு அடியில் என்னை நிறுத்தி, செயினை ஒதுக்கி, "நல்லாப் பாருங்க, இருக்குதுங்க" என்று கெஞ்சினாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். செக்கிங்கில் நான்கூட ஒரு பீஸை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஆமாங்க, கோடு ஒன்னு இருக்குதுங்க," என்றார் திருப்தியாக.

"கட்டி கெட்டதில்லைன்னு ரிசல்ட் வந்துருச்சுங்க," என்றேன். "யாரும் கேக்கலீங்களே, அதான் நானே சொல்றேன்."

மறுநாள் தரகர் வந்தார். கழுத்தில் ஒரு குறையும் இல்லையாம். வாய்தான் கொஞ்சம் நீளமாம். டாக்டர் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்த குரல் அது. அந்த வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் வீணாகத்தான் போயிருக்கும்.