அப்படி ஒரு பங்கு இல்லை

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கப்பல் சரக்குக்கான பேப்பர் வேலை பார்க்கிறேன். அங்கே ஓரங்கட்டிய பழைய மெஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து லினக்ஸ் போட்டேன். இனிமேல் வைரஸ் என்ற பேச்சே கிடையாது, எது நடந்தாலும் என்னைக் கேளுங்கள் என்று வீடு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அண்ணன் மட்டும், ஊரே விண்டோஸில் ஓடும்போது தங்கச்சிக்கு என்ன தனி வழி என்று முணுமுணுத்தான்.

அந்த மெஷினை அதிகம் பயன்படுத்தியது மதினிதான், அண்ணனின் மனைவி. கல்யாணத்தோடு நின்றுபோன எம்.எஸ்ஸி. விலங்கியலை எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்சகாலம் கழித்து மறுபடி பிடித்திருந்தாள். முத்துச்சிப்பிக் குஞ்சுகள் கயிற்றில் எப்படி வளர்கின்றன என்பது அவளுடைய ப்ராஜெக்ட். தருவைகுளம் கடற்கரையிலிருந்து படகில் போய், கயிற்றைத் தூக்கி, ஒவ்வொரு சிப்பியாக அளந்துவிட்டு வருவாள். விரலெல்லாம் கீறலாக இருக்கும். குழம்பு பட்டால் எரிகிறது என்று ஸ்பூனால் சாப்பிடுவாள். அம்மாவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. இந்த வருஷத்தோடு முடித்துவிட வேண்டும், இன்னொரு வருஷம் என்று இழுக்கக் கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

ப்ராஜெக்டை ஏற்றக் கடைசி நாளும் வந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் கல்லூரியின் இணையதளம் மூடிவிடும். விட்டால் அடுத்த வருஷம்தான். மதினிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முந்தின நாள் என்னை லீவு போடச் சொல்லிக் கெஞ்சினாள். எனக்கோ மறுநாள் காலையில் உரக் கப்பல் ஒன்று உள்ளே வருவதாக இருந்தது. ஒரு ஃபைலை ஏற்றுவதற்கு ரெண்டு பேர் காவல் இருக்க வேண்டுமா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவள் உள் அறைக்குப் போய்விட்டாள்.

காலையில் நான் கிளம்பும் நேரத்தில் ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. துறைமுகத்தில் கப்பல் நிறுத்தும் பெர்த் இன்னும் காலியாகவில்லை, கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள். சரி, ஆற அமர இன்னொரு தோசை தின்னலாம் என்று உட்கார்ந்தேன். பிட்டு வாயில் வைப்பதற்குள் உள் அறையிலிருந்து மதினி கூப்பிட்டாள்.

"ஏளா, இங்கன கொஞ்சம் வாயேன்."

குரல் சரியில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். திரை முழுக்கக் கறுப்பு. மேலே வெள்ளை எழுத்தில் 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் குஷி வந்துவிட்டது. இந்தத் திரையைப் பற்றி எத்தனையோ வாசித்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. பெரிய மீன் தூண்டிலைக் கவ்வினால் கை எப்படித் துடிக்குமோ அப்படித் துடித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மதினி என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். கப்பலுக்கு பைலட் ஏறுவது மாதிரி என்றேன். எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் துறைமுகத்து பைலட் ஏறி வழிகாட்டினால்தான் உள்ளே வரும் இல்லையா, அதுபோல மெஷினை ஆன் செய்ததும் கிரப் என்கிற ஒரு குட்டி பைலட் முதலில் எழுந்து லினக்ஸ் இருக்கிற இடத்துக்கு வழிகாட்டும். இப்போது பைலட் எழுந்துவிட்டது, இடத்தைத்தான் காணோம் என்கிறது.

"அப்ப என் ப்ராஜெக்ட்?"

அந்தக் கேள்வியில் என் குஷி பாதி இறங்கிவிட்டது. ஃபைலுக்கு வேறு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். லினக்ஸ் போட்டபோது நான் பயன்படுத்திய பென்டிரைவை அவளிடமே கொடுத்து, தினமும் ஒரு காப்பி இதில் எடுத்துவையுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மதினி தரையைப் பார்த்தாள். அதில் வேறு ஒன்று போட்டுவிட்டதாகச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். என்ன போட்டீர்கள், எதற்குப் போட்டீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை, சத்தம்தான் போட்டேன். அவளுடைய பேராசிரியரிடம் இருந்ததும் அட்டவணைகள் சேர்க்காத பழைய நகல். முழுசாக முடித்த ப்ராஜெக்ட் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது.

திட்டி முடித்துவிட்டு எல்எஸ் என்று அடித்தேன். எந்தெந்த டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிறது என்று கிரப்பிடம் கேட்கும் கட்டளை அது. பதில் வந்தது. முதல் டிஸ்க், அதில் ஒரே ஒரு பார்ட்டிஷன். நான் இந்த டிஸ்க்கை மூன்றாகப் பிரித்திருந்தேன். மற்ற ரெண்டும் எங்கே போயின? அடுத்த வரியைப் பார்த்தேன். இரண்டாவது டிஸ்க் என்று இன்னொன்று, அதில் மூன்று பார்ட்டிஷன். வீட்டில் இருப்பதே ஒரு டிஸ்க்தான். இரண்டாவது எங்கிருந்து முளைத்தது?

இரண்டாவதைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்றது, என்னவென்றே தெரியவில்லையாம். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டேன், மூன்றுக்கும் அதே பதில். உப்புக்காற்றில் எங்கள் ஊரில் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாமே சீக்கிரம் துருப்பிடிக்கும். டிஸ்க்கும் போய்விட்டதோ என்று முதல்முறையாக நினைத்தேன். மதினியிடம் சொல்லவில்லை.

இதற்குள் அம்மா அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். அவன் வேலை இடத்திலிருந்து கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சியைக் கேட்டுவிட்டு எனக்கு ஃபோன் அடித்தான். ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்ணாச்சி சொன்னாராம். எல்லாம் சரியாகிவிடும், எல்லாம் போய்விடும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று வைத்துவிட்டேன். அண்ணாச்சி பாவம், அவரிடம் போகிற எல்லாப் பெட்டிக்கும் அதுதான் வைத்தியம்.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. டிஸ்க்கைக் கழற்றி ஆபீஸுக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கிற மெஷினில் மாட்டி, ஃபைல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பெட்டியின் பக்கவாட்டு மூடியில் வைத்த முதல் திருகே துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மதினி திரையையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"அதுல என்னதான் எழுதியிருக்கு? எனக்குப் புரியுத மாதிரி தமிழ்ல சொல்லேன்."

திருகோடு போராடிக்கொண்டிருந்த எரிச்சலில், பார்ட்டிஷனுக்கு வாயில் வந்த தமிழைச் சொன்னேன்.

"அப்படி ஒரு பங்கே இல்லன்னு சொல்லுது, மதினி."

அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் கடற்கரையில் பங்கு என்றால் முதலில் மாதா கோயில்தான். நீ எந்தப் பங்கு என்றால் எந்தக் கோயிலைச் சேர்ந்தவள் என்று அர்த்தம். எங்கள் தெருவுக்கும், கோயிலுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மதினி நிமிர்ந்து உட்கார்ந்து திரையோடு சண்டைக்குப் போனாள்.

"பங்கு இல்லாமலா? காலைப் பூசை முடிஞ்சு நம்ம பங்குச் சாமியார்கிட்ட மந்திரிச்சுல்லா கொண்டுவந்து மாட்டுனேன்."

என் கை நின்றது.

"எத மாட்டுனீங்க?"

சொன்னாள். புதுப் படகு இறக்கினாலும், பழைய படகுக்குப் புது இன்ஜின் மாட்டினாலும், சாமியார் மந்திரிக்காமல் இங்கே கடலுக்குப் போக மாட்டார்கள். இன்றைக்கு என் படகு இதுதானே என்று மதினிக்குத் தோன்றியிருக்கிறது. நான் காப்பி எடுக்கக் கொடுத்த பென்டிரைவில், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் மாதா பாட்டாகப் பதிந்து வைத்திருந்தாள். அதில் மாதா உருவம் பொறித்த ஒரு சின்னச் சுரூபத்தை நூலால் கட்டி, காலையில் கோயிலில் மந்திரித்து, நான் பார்த்தால் கேலி செய்வேன் என்று பெட்டியின் பின்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல் செருகியிருந்தாள். அதற்குப் பிறகுதான் மெஷினை ஆன் செய்திருக்கிறாள்.

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கிவிட்டது. முதல் டிஸ்க் என்று கிரப் சொன்னது அந்தப் பென்டிரைவை. நான் லினக்ஸ் போட்டபோது அதன் நுனியில் எழுதிய கிரப், கடைக்காரர் மற்றதையெல்லாம் அழித்துப் பாட்டைப் பதிந்த பிறகும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மெஷினும் நான் அன்றைக்கு வைத்தபடியே, யுஎஸ்பியில் ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் எழுப்பும். ஆக, வேற ஊர் பைலட் ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்போதோ இடித்துத் தள்ளிய பெர்த்தைத் தேடியிருக்கிறது. எங்கள் டிஸ்க்கைப் படிக்கிற வித்தை அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மேசையை முன்னால் இழுத்தோம். பின்பக்கம் நூலில் தொங்கிக்கொண்டிருந்தாள் மாதா. பென்டிரைவை உருவிவிட்டு மெஷினை மறுபடி ஆன் செய்தேன். திரை கறுத்தது. மதினி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் கையில் பதிந்தது. பிறகு லினக்ஸின் வழக்கமான நீலத் திரை வந்து பாஸ்வேர்ட் கேட்டது. நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஃபைல் இருந்தது, அட்டவணை, படம் எல்லாவற்றோடும். மதினி அதை ஏற்றினாள். பச்சைப் பட்டை நகர்ந்த வேகத்துக்கு நான்தான் நாற்காலியில் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தேன், அவள் கல் மாதிரி இருந்தாள். பெற்றுக்கொண்டோம் என்று தளம் சொன்னபோது சுவர்க் கடிகாரத்தில் இன்னும் நேரம் மிச்சமிருந்தது. முடிஞ்சுதா என்று அம்மா கேட்டாள். முடிஞ்சுது அத்தை என்றாள் மதினி. அம்மா உள்ளே போய், என்னுடைய ஆறிப்போன தோசையை எடுத்துவிட்டு எங்கள் ரெண்டு பேருக்கும் சூடாக ஊற்ற ஆரம்பித்தாள்.

அண்ணன் மறுபடி கூப்பிட்டான். மாதா கைவிடவில்லை என்று மதினி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஃபோனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். மெஷினை நிறுத்தியதே அந்தப் பென்டிரைவ்தான், ஓடவைத்தவள் நான், நன்றி மட்டும் அங்கே போகிறதா என்று கேட்டேன். மெஷின் நல்லா ஓடணும் என்று வேண்டித்தானே மாட்டினீர்கள், ஓடியதா என்றும் கேட்டேன்.

மதினி தோசையைக் கையாலேயே பிட்டுக் குழம்பில் தோய்த்தாள். விரல் எரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

"மெஷினு ஓடணும்னு நான் எங்கே வேண்டுனேன்? இன்னைக்கி நீ வீட்டுல இருக்கணும்னுல்லா வேண்டுனேன்."

வாய் ஜாஸ்தி என்று பெயர் எடுத்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்போது என் ஃபோன் அடித்தது. ஆபீஸிலிருந்து. பெர்த் காலியாகிவிட்டது, பைலட் ஏறியாகிவிட்டது, கப்பல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, உடனே வரச் சொன்னார்கள்.

இதோ வாரேன் என்று சொல்லிவிட்டு, கை கழுவி, மெஷினை மறுபடி ஸ்டார்ட் செய்து, டிஸ்க்கையே முதலில் எழுப்பும்படி பயாஸில் வரிசையை மாற்றினேன். பிறகு மேசைமேல் கிடந்த பென்டிரைவை எடுத்து, மாதா சுரூபம் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்து, பின்பக்கம் இருந்த இடத்திலேயே செருகினேன். நீலத் திரை வந்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.