நான் குடித்த கதிரியக்கம்

முதுகலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். மறுபடியும் உடைந்தது. அன்று மாலை கழுத்தைத் தடவிப் பார்த்தேன். எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது.

நான் அணுக்கரு இயற்பியல் ஆய்வாளர். வடசென்னைக் காலடிப்பேட்டையில் பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். அணுக்கருக்கள் சிதைவது பற்றிய என் கண்டுபிடிப்பால் வெளிநாடுகளிலும் பெயர் தெரிந்தது. அந்த ஆண்டுதான் ஒரு பெரிய விருதும் அறிவித்திருந்தார்கள். மேடையேறி உரையாற்ற வேண்டும்.

பரிசோதனை முடிவு தைராய்டு புற்றுநோய் (கழுத்தின் முன்புறச் சுரப்பியில் வரும் புற்று) என்றது.

"சுரப்பிய முழுசா எடுத்துடணும் மேடம். குரலுக்குப் போற நரம்ப ஒட்டியே கட்டி இருக்கு. காப்பாத்தப் பாக்குறேன், உறுதி சொல்ல முடியாது" என்றார் அறுவை மருத்துவர்.

"உயிர் முதல்ல. தேதி சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

அறுவையில், குரலுக்குப் போகும் இரண்டு நரம்புகளில் ஒன்று போயிற்று. கண் விழித்தபோது வெறும் காற்றுதான் வந்தது. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் தம்பி செல்வம் கட்டிலருகே நின்றிருந்தான்.

"பேசாத அக்கா. இத்தினி வருசமா நீ பேசி நாங்க கேட்டுகினு கீறோம். கொஞ்ச நாளு நாங்க பேசறோம்."

அடுத்தது கதிரியக்க அயோடின் (மிஞ்சிய புற்றணுக்களைத் தேடி அழிக்கும் மருந்து). அது நன்றாக வேலை செய்ய, எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போட வேண்டிய தைராய்டு மாத்திரை இல்லாமல் சில வாரங்கள் இருக்க வேண்டும். அந்த வாரங்களைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் போர்வைக்குள் நடுங்கினேன். மாணவியாக இருந்த காலத்தில் போட்ட கணக்குகூடப் பாதியில் நின்றது. புற்றுநோய்க்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

"மாத்திரை ஆரம்பிச்சா மூளை திரும்பிடும்" என்றார் மருத்துவர். அந்தக் கட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு நானும் சொல்கிறேன்: திரும்பிவிடும்.

வாழ்நாளெல்லாம் கருவிகளில் அளந்ததை ஒரு நாள் உறிஞ்சுகுழாய் வைத்துக் குடித்தேன். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. என் உடம்பிலிருந்து கதிர் வீசும் என்பதால் என்னைத் தனியறையில் வைத்தார்கள். செல்வம் தொலைபேசியில் கேட்டான்.

"உள்ள போனது எப்போக்கா போவும்?"

"எட்டு நாளுக்கு ஒருதபா பாதியாவும். மூத்திரத்துலயே நெறைய பூடும்டா" என்று வெறும் காற்றுக்குரலில் சொன்னேன்.

"அப்போ தண்ணி குடி. இதுக்கா இம்மாம் படிச்ச?"

குரலில்லாமல் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மாத்திரையைத் தொடங்கிய பிறகு கணக்கு திரும்பி வந்தது. குரல் கரகரப்பாகவே நின்றுவிட்டது. அந்தக் குரலிலேயே விருது மேடையில் பேசினேன். ஒலிவாங்கியை நெருக்கிப் பிடித்து, சிறு வாக்கியங்களாகப் பேசினேன். அரங்கம் கூர்ந்து கேட்டது.

இப்போது பரிசோதனைகளில் புற்று இல்லை. உடம்பை மூளையைச் சுமக்கும் வண்டியாகவே முன்பு நினைத்திருந்தேன். ஒரு சின்னச் சுரப்பி போனதும் மூளையே மந்தமானதைப் பார்த்துவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டுக் காபி குடிக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் எதையும் படிப்பதில்லை. சும்மா உட்கார்ந்து, மூச்சு வந்து போவதைக் கவனிக்கிறேன். அது வீணான நேரம் என்று இப்போதெல்லாம் தோன்றுவதில்லை.